கடைசிக் காட்சிக்கு ஆள் தேவை

பெற்றிசியா ஒரு வாளி கடல்தண்ணீரைப் புருசன் அம்புறோசின் தலையில் கவிழ்த்தாள்.

"நனையாத பிணத்தை இந்த ஊர் நம்பாது. உங்களுக்கு வசனம் ஒண்டும் இல்லை, ஆடாமல் அசையாமல் கிடந்தாக் காணும். வீட்டில செய்யிறதுதானே."

கொட்டகைக்குப் பின்னால் முகத்துக்கு மா பூசிக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்புறோசுக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை அவன் கடலுக்குப் போகவேண்டும்.

கடலில் செத்தவனாய்க் கிடக்க ஊரில் ஒருவனும் சம்மதிக்கவில்லை. தொழிலுக்குப் போகிறவன் வள்ளத்துப் பாய்ச்சீலைக்குக் கீழே பிணமாய்க் கிடந்தால் கடல் அவனை அடையாளம் வைத்துக்கொள்ளும் என்று பயந்தார்கள். ஒத்திகைக்கு வந்த அருட்பிரகாசம் விரித்திருந்த சீலையைக் கண்டதும் கும்பிட்டான்.

"யூதாசா வரச் சொல்லுங்கோ, வாறன் அக்கா. இதுக்கு மட்டும் என்னைக் கேக்காதையுங்கோ."

பிணம் இல்லாவிட்டால் கடைசிக் காட்சி இல்லை. அந்தக் காட்சிக்காகத்தான் நாடகத்தையே எழுதியதாகப் பெற்றிசியா சொன்னபோது, அம்புறோஸ் போட்டிருந்த சேட்டைக் கழற்றினான்.

திருநாள் பூசை முடிந்து, வெயில் இன்னும் இறங்காத நேரம். கோயில் முற்றம் நிறையச் சனம். நாலு பேர் அவன் முகத்தைப் பார்க்காமலே தூக்கிவந்து மேடையில் கிடத்திச் சீலையால் மூடினார்கள்.

சீலையில் தாரும் பழைய மீனும் மணத்தன. காதுக்குள் தண்ணீர் நின்றது. ஒரு எறும்பு கழுத்தில் ஏறி ஆறுதலாய் நடந்தது.

அசைந்தால் சனம் சிரிக்கும். சிரித்தால் அவளுடைய நாடகம் அதோடு முடிந்தது. இந்த ஊர் எதையும் மறக்காது.

மீசை மழித்த ஆம்பிளைகளே ராணியாய் வந்த கொட்டகையில் முதன்முதல் ஏறிய பெண் அவள். அன்றைக்கு மண் அள்ளி எறிந்தார்கள். மண்ணைத் தட்டிவிட்டு மிச்ச வசனத்தையும் சொல்லி முடித்துத்தான் இறங்கினாள். பிறகு தானே எழுதத் தொடங்கினாள். பகலில் கருவாட்டு வாடியில் மீனைக் கீறி உப்பு அடைப்பாள். வாய் தன் பாட்டுக்கு வசனம் சொல்லிக்கொண்டிருக்கும். இலுப்பைக்கடவையில் ராணியாய் வந்தாள், நறுவிலிக்குளத்தில் பேயாய் வந்தாள். அங்கே பேய்க்குப் பயந்து ஒரு கிழமை சனம் குளத்துப் பக்கம் போகவில்லை. அவளுடைய உடுப்புப் பெட்டியை ஊர் ஊராய்ச் சுமந்து சுமந்தே அம்புறோஸ் மாப்பிள்ளையானவன்.

ஒப்பாரி தொடங்கியது.

அவனுக்கு ஒவ்வொரு வரியும் தெரியும். அடுப்பு ஊதும்போதும் அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "கடலே, உடலைத் தந்தாயே, உயிரை எங்கே வைத்தாய்?" என்று அவள் கேட்டதும் திரை விழவேண்டும்.

கேட்டாள். திரையின் வளையங்கள் கம்பியில் கிறீச்சிட்டன.

அவள் நிறுத்தவில்லை. வளையங்களின் சத்தம் பாதியில் நின்றது. தலையை அவன் நெஞ்சில் போட்டாள். குரல் உடைந்து வேறு குரலாய் வந்தது.

"பல்லுக்கொதியோட போனியளே... ஒரு கராம்பு வைச்சு விடவும் எனக்குத் தோணேல்லையே..."

இது நாடகத்தில் இல்லை.

அம்புறோசுக்கு ஒருநாளும் பல்லு வலி வந்ததில்லை.

முன்வரிசையில் ஒரு பெண் வாய்விட்டு அழுவது கேட்டது. செலீனாவின் குரல். யாகப்பரின் தங்கை.

யாகப்பர் பெற்றிசியாவின் முதல் புருசன். கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஒரு விடியற்காலை தொழிலுக்குப் போனவன். வள்ளத்தில் ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை. செத்த வீட்டுக்குப் பிணம் இல்லை. கோயிலில் பூசை கொடுத்தார்கள், எல்லாரும் அழுதார்கள். வெறும் நிலத்தில் விழுந்து அழ அவளுக்கு மட்டும் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை, அம்புறோஸ் பார்த்திருக்க இத்தனை வருசமும்.

வளையங்கள் மறுபடி கிறீச்சிட்டன.

சனத்துக்கு மறைவான பக்கத்தால் பிணம் கையைச் சீலைக்கு வெளியே நீட்டி, திரை இழுக்கிறவனுக்குப் பொறு என்று காட்டியது.