கொண்டை ஊசி அபராதம்

"முள்கரண்டி கொண்டு வரட்டா, அண்ணே?"

"வேண்டாம்மா. கண்ணாடி கீறிடும். அப்புறம் அதுக்கு வேற பதில் சொல்லணும்," என்றார் போகட்டும் அண்ணன்.

கூடாத இடத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு அபராதச் சீட்டு கொடுப்பது அண்ணனின் உத்தியோகம். யார் வந்து கண்ணைக் கசக்கினாலும் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவதால் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஒருவன் மனைவிக்குப் பிரசவ வலி என்றான், விட்டார். அதே மனைவிக்கு அதே மாதம் மூன்றாவது முறை வலி வந்தபோதும் விட்டார்.

அன்று காலை மேலதிகாரி எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்: "இன்னைக்கும் வெறுங்கையோட வந்து நின்னீங்கன்னா, நாளைலேர்ந்து பறிமுதல் பண்ணின வண்டிக்கெல்லாம் நீங்கதான் காவல். அங்க ரெண்டு நாய் இருக்கு. பழகிக்கங்க."

அண்ணனுக்கு நாயின் புகைப்படம்கூட ஆகாது.

அந்தப் பயத்திலேயே மதியம்வரை அலைந்தவருக்கு, 'வண்டி நிறுத்தாதீர்' பலகைக்கு நேர் கீழே, இருக்கையின் பாலிதீன் உறைகூடப் பிரிக்காத புத்தம்புது நீலக் கார் ஒன்று கிடைத்தது. சந்தோஷத்தில் கையடக்கக் கணினியை உறையிலிருந்து உருவினார். உருவிய வேகத்தில் அதன் திரையைத் தொட்டு எழுதும் குச்சி எகிறி, சாலையில் இரண்டு குதி குதித்து, சாக்கடை மூடியில் இருந்த ஒரே ஓட்டையைத் தேடிப் பிடித்து ஜலசமாதி அடைந்தது.

அது பழைய மெஷின். விரலுக்கு மசியாது; கூராக எதையாவது வைத்து அழுத்தினால்தான் காது கேட்கும். அண்ணன் அலுவலகச் சாமான் கிடங்குக்குப் போன் போட்டார்.

"பழைய குச்சியக் குடுத்துட்டுப் புதுசை வாங்கிக்கங்க," என்றார் கிடங்குக்காரர்.

"பழசு சாக்கடைல போயிடுச்சுங்க."

"அப்ப அங்க போய் எடுத்துட்டு வாங்க."

அந்த நேரத்தில்தான் காரை ஒட்டியிருந்த வீட்டிலிருந்து அந்த அம்மாள் வெளியே வந்தாள். அண்ணனுக்குத் திக்கென்றது. அழுகை ஆரம்பிக்கப் போகிறது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டார்.

"இந்த வண்டி உங்களுதாம்மா?"

"எங்க வீட்டு வண்டிதான். சீட்டு எழுதப் போறீங்களா?"

"எழுதத்தான் வந்தேன். குச்சி போயிடுச்சு."

"அவ்வளவுதானே, இருங்க," என்று உள்ளே ஓடினாள்.

முதலில் தீக்குச்சி வந்தது. ஒரு அழுத்துக்கே உடைந்தது. பல் தேய்க்கும் பிரஷ்ஷைத் திருப்பிப் பிடித்ததில் தெருப் பெயருக்குப் பதிலாகப் பக்கத்து ஊர் விழுந்தது. அதற்குப் பிறகுதான் முள்கரண்டிப் பேச்சு வந்தது. கடைசியில் அம்மாள் பொறுமையிழந்து தன் கொண்டையிலிருந்தே ஊசியை உருவி நீட்டினாள். முடி அவிழ்ந்து முதுகில் விழுந்ததை அவள் சட்டை செய்யவில்லை.

கொண்டை ஊசிக்கு இரண்டு கால். இரண்டும் ஒரே நேரத்தில் பட்டதும், மெஷின் யாருக்கும் மனக்கசப்பு வேண்டாம் என்று இரண்டுக்கும் நடுவில் இருந்த எண்ணைப் போட்டது.

"நிமித்திடுங்க அண்ணே. கூச்சப்படாதீங்க."

அண்ணன் ஊசியை நிமிர்த்தினார். புதுக் குச்சி பிடித்தால் திரையைப் பழக்கியாக வேண்டும்; மூலைக்கு மூலை தோன்றும் சிலுவைக் குறிகளின் நடுவில் தொட வேண்டும். ஒரு கையில் மெஷினும் மறு கையில் ஊசியுமாக அவர் தடுமாறினார். அம்மாள் மெஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ம், அங்கதான்."

மெஷின் பணிந்தது. வண்டி எண் சொன்னபடி விழுந்தது. அம்மாளே தள்ளி நின்று போட்டோவுக்கு வழிவிட்டாள். இவ்வளவு நல்ல மனுஷியைத் தண்டிக்கிறோமே என்று அண்ணன் ஊசியைக் கீழே இறக்கினார். நாய்களை நினைத்துப் பார்த்தார். அப்படியும் மனம் கேட்கவில்லை.

"அம்மா, இதுல 'எச்சரிக்கை மட்டும்'னு ஒரு பட்டன் இருக்கு. அதை அழுத்திடட்டுமா? போகட்டும்."

"எச்சரிச்சாத் திருந்தற வண்டியா இது? முழுசாப் போடுங்க."

"பாதி அபராதம்?"

"அண்ணே, என் கொண்டையை அவுத்துக் குடுத்திருக்கேன். பாதிக்கா?"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஊசியால் ஒரு குத்து குத்தினார். மெஷின் உறுமி, வெள்ளை நாக்கு ஒன்றை வெளியே நீட்டியது. அவர் வாழ்நாளில் முழுசாகக் கிழித்த முதல் சீட்டு.

"ஆபீசுக்குப் போயிடுச்சா?"

"எல்லாம் ஏறிடுச்சும்மா. இனிமே எங்க மேலதிகாரியே தலைகீழா நின்னாலும் அழிக்க முடியாது."

"அதுதான் வேணும்," என்று அம்மாள் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். "கேட்டை மறிச்சு நிறுத்தாதீங்கன்னு வண்டி வாங்கின நாள்லேர்ந்து கத்தறேன் அண்ணே. 'எனக்குச் சீட்டு எழுத எவனுக்குத் தைரியம் இருக்கு'ன்னு கேட்டுட்டு, உள்ள சாப்பிட்டுப் படுத்திருக்கார் உங்க மேலதிகாரி."