புறங்கை

"இன்னியோட அந்தப் பொம்மை பிளேன் இந்த வீட்டை விட்டுப் போகணும். ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

டியூட்டி முடிந்து வந்தவள் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. காலையிலிருந்து வார்டில் யார் யார் காயத்துக்கோ கட்டுப் போட்டுவிட்டு வந்தால், வீட்டிலும் ஒரு கை ரத்தத்தோடு காத்துக்கொண்டிருந்தது.

கணவனின் வலது கை. சுற்றியிருந்த துண்டு நனைந்து சிவந்திருந்தது. அவன் தையற்காரன். கத்திரி பிடிக்கிற கை அது.

"லேசா பட்டுடுச்சு" என்றான்.

"இதுவா லேசு?"

"இன்னும் நல்லா கேளும்மா" என்றார் சோபாவிலிருந்து அவள் அப்பா. பஸ் டிரைவராக இருந்தவர். குரலில் இன்னும் ஹாரன் இருந்தது. "நான் பக்கத்துலதான் நின்னேன். இஞ்சின் ஜம்முனு ஸ்டார்ட் ஆயிடுச்சு. ஸ்டார்ட் பண்ண மாட்டின பேட்டரி கிளிப்பை எடுத்துவிடலாம்னு நான் குனியறேன், அதுக்குள்ள மாப்பிள்ளைக்கு என்ன அவசரமோ, குறுக்கே கையை விட்டுட்டார்."

"தப்பு என்னோடதுதான் மாமா."

"தப்புன்னா சின்னத் தப்பா? பஸ்ல நான் இப்படி அவசரப்பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? கண்ணு சரியில்லன்னு டாக்டர் என் லைசென்ஸைப் பிடுங்கச் சொன்னார். கண்ணு சரியில்லாதவங்க வேற எங்கேயோ இருக்காங்க."

அவன் தலை குனிந்துகொண்டான்.

அவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிந்தது. "மைதானத்துல எல்லாருக்கும் பாடம் எடுக்கிறவர் இவர்தானே? பிளேன் மூக்குல இருக்கிற விசிறியை விரலால தட்டாதே, குச்சியால தட்டு. ஓட ஆரம்பிச்சதும் பின்பக்கம் போயிடு. சுத்துற விசிறி கண்ணுக்குத் தெரியாது, முன்னாடி கை நீட்டாதே. தூக்கத்துலகூட இதைத்தானே சொல்வீங்க! போன வாரம் அது நுனியில மஞ்சள் பெயிண்ட் வேற. எதுக்கு, பொட்டு வெச்சு அழகு பார்க்கவா?"

அவன் துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"எழுந்து வாங்க. வெளிச்சத்துல பார்க்கணும்."

சமையலறை விளக்கின் கீழே துண்டைப் பிரித்தாள். எலும்பில் படவில்லை. ஆனால் தையல் போட வேண்டும். வந்த வழியே திரும்பி அதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நினைத்தபோதே கால் வலித்தது.

"ஊருக்கெல்லாம் தையல் போடறவருக்கு இன்னிக்கு ஒருத்தர் தையல் போடப் போறார்" என்றபடி காயத்தைத் துடைத்தவள், நின்றாள்.

விசிறியைத் தட்டும்போது அடித்தால் விரலில் அல்லவா படும்? கையை நீட்டும்போது பட்டாலும் விரல்தானே முதலில் மாட்டும்? விரல் ஐந்தும் கீறல்கூட இல்லாமல் இருந்தன. வெட்டு புறங்கையில், குறுக்காக ஓடியிருந்தது. எதையோ ஓங்கித் தள்ளிவிட்ட கை மாதிரி.

கேட்க வாயெடுப்பதற்குள் அப்பா உள்ளே வந்தார். கையில் அவருடைய முழுக்கைச் சட்டை.

"பட்டன் ஒண்ணு போயிடுச்சும்மா. மாப்பிள்ளை கைதான் இப்படி இருக்கே, நீயே தைச்சுடு. வேலியில எங்கேயோ மாட்டியிருக்கும்."

வாங்கிப் பார்த்தாள். வலது மணிக்கட்டுப் பட்டி பாதிக்கு மேல் இல்லை. வேலியில் மாட்டினால் துணி பிசிறு பிசிறாகக் கிழியும். இது பிளேடு போட்டதுபோல் நேராக வெட்டுப்பட்டிருந்தது.

நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அவன் மெதுவாகத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று.

அப்பா திரும்பினார். வலது தோள் கதவில் மடாரென்று இடித்தது. "யாரு இந்தக் கதவை இப்படிப் பாதியில விட்டது?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவர் கையா?"

"மெதுவா பேசு. வலது பக்கம் அவருக்கு ஒண்ணுமே தெரியல. முன்பக்கமா குனிஞ்சு, ஓடற விசிறி மேல கையை நீட்டிட்டார். தள்ளிவிட்டேன். அவர் கண்ணுக்காகத்தான் மஞ்சள் அடிச்சேன், அதுவும் பிரயோஜனப்படல."

"அதைச் சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு ரெண்டு பேர்கிட்டயும் ஏச்சு வாங்கறீங்க?"

"லைசென்ஸ் போனப்ப சுவரைப் பார்த்துப் படுத்தவர், மறந்துட்டியா? இப்ப ஞாயித்துக்கிழமையானா எனக்கு முன்னாடி எழுந்து ஷேவ் பண்ணிட்டு மைதானத்துக்கு ரெடியா நிக்கறார். இது தன்னாலன்னு தெரிஞ்சா மறுபடியும் அந்தச் சுவர்தான்."

 பஞ்சை வைத்து இறுக்கிக் கட்டினாள். கட்டி முடித்த பிறகும் அந்தக் கையை விடவில்லை.

"ஏம்மா" என்று கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. அதில் ஹாரன் இல்லை. "நீ சொன்ன மாதிரி அந்தப் பிளேனை யாருக்காவது கொடுத்துடலாமா?"

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, கூடத்துக்குக் கேட்கும்படி கத்தினாள்:

"வேணாம்ப்பா, இருந்து தொலையட்டும்! ஆனா இனிமே இந்த மனுஷனை நம்பி விட முடியாது. பிளேனுக்கு நல்லா பின்னாடி நாற்காலி போட்டு நீங்க உட்காரணும், எந்திரிக்கவே கூடாது. இவர் கை எங்கே போகுதுன்னு உங்க கண்ணுதான் பார்த்துக்கணும்!"