திங்கட்கிழமை மிச்சம்

பிரிட்டனில் அதிகம் விற்ற பத்து ஆல்பங்களை வரிசைப்படுத்த வேண்டும். ஸ்டாக்போர்ட் மதுக்கடையில் அன்றைய வினாடி வினாவின் கடைசிக் கேள்வி அதுதான். ஹோவர்டு மீசையைத் தடவிக்கொண்டான். அந்தப் பட்டியல் அவனுக்கு மூச்சு மாதிரி.

எதிர் அணித் தலைவன் ரோலண்டைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. கறிக்கடைக்காரன். பாட்டுக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம்.

"யாரு அந்த ஆளு? பாத்ததே இல்லையே" என்றாள் மனைவி க்ளெனிஸ், சிப்ஸைக் கொறித்தபடி.

விடைகளைத் திருத்திய கடைக்காரி மேகி உதட்டைப் பிதுக்கினாள்.

"மத்ததெல்லாம் ரெண்டு அணிக்கும் சரி. ஆனா முதலிடத்துல இருக்கற பழைய பாட்டுத் தொகுப்ப ரெண்டு பேருமே விட்டுட்டீங்களே!"

தொகுப்பெல்லாம் ஆல்பத்தில் சேர்த்தியில்லை என்பது ஹோவர்டின் பிடிவாதம். திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டில் க்ளெனிஸிடம் தவறாமல் அதைச் சொல்லிப் பொருமுவான். இப்போதும் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ரோலண்ட் எழுந்துவிட்டான்.

"ஞாயித்துக்கிழமை கறி ரோஸ்ட்ல மிஞ்சினதத் திங்கக்கிழமை சுடவச்சுப் போட்டா, அது விருந்தாயிருமா மேகி?"

கடையே அதிரச் சிரித்தது.

ஹோவர்டு சிரிக்கவில்லை. அது அவனுடைய வசனம். ஒரு வார்த்தை பிசகவில்லை. தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் தாண்டி அதை அவன் சொன்னதே இல்லை.

மெல்லத் திரும்பினான். க்ளெனிஸ், காலியான சிப்ஸ் பாக்கெட்டுக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அதெப்படிப்பா ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு?" மேகி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "ஒரே தலையணையிலயா படுக்கறீங்க?"