ஊரெல்லாம் அண்ணாமலை

"பேரைச் சொல்லும்மா! பேரு இல்லாம யாருன்னு நான் கூப்புடறது?"

தண்டாயுதபாணி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கத்தினார். எழுபத்தெட்டாம் வருஷத்துக் கார்த்திகை தீபம். கூட்டத்தில் தொலைந்தவர்களைக் கூப்பிடுவதற்காகக் கோபுரத்துக்கு எதிரே போட்டிருந்த அறிவிப்புக் கொட்டகை அது. பள்ளிக்கூட வாத்தியாரான அவருக்கு இந்த வேலை இந்த வருஷம்தான் புதிது.

எதிரே நின்ற பெண் முந்தானையைத் திருகினாள்.

"வூட்டுக்காரரைக் காணலீங்க. அவரு பேரை நான் எப்படிங்க சொல்றது?"

"சரி, ஜாடையாவது காட்டு."

அவள் மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"அண்ணாமலையா?"

வெட்கத்தோடு தலையாட்டினாள்.

"எந்த ஊரு?"

மறுபடியும் மலையைக் கும்பிட்டு, குனிந்து தன் காலைத் தொட்டுக் காட்டினாள்.

"அடி அண்ணாமலை! என்ன வேலை?"

"அரிசி மில்லுலங்க. மில்லுக்கும் அதே பேருதான்."

மைக்செட் வேணு வாய்விட்டுச் சிரித்தான். "சார், பஸ்ஸுல டிக்கெட் எப்படி வாங்குச்சோ இந்தம்மா!"

"சும்மா இருடா. கூட்டம் கலைஞ்சிட்டா அப்புறம் ஆளைப் புடிக்க முடியாது" என்று அதட்டிவிட்டு, தண்டாயுதபாணி மைக்கை வாய்க்கு அருகே இழுத்தார்.

"அடி அண்ணாமலை ஊரைச் சேர்ந்த, அண்ணாமலை ரைஸ் மில் அண்ணாமலை அவர்கள் எங்கிருந்தாலும் உடனே வரவும். உங்கள் மனைவி காத்திருக்கிறார்!"

பத்தே நிமிஷத்தில் ஏழு அண்ணாமலைகள் வந்து நின்றார்கள்.

"யோவ், நீ எந்த ஊரு?"

"போளூருங்க."

"நான் கூப்பிட்டது அடி அண்ணாமலைக்காரரை. நீ ஏன்யா வந்த?"

"சம்சாரம் காத்திருக்குன்னீங்களே சார்! அவளை ஊர்லயே விட்டுட்டு இங்க சிநேகிதங்களோட வந்தேன். தேடிக்கிட்டு வந்துட்டாளோன்னு குலை நடுங்கிப் போச்சு."

அவள் ஏழு முகங்களையும் நிதானமாகப் பார்த்தாள். "இவங்க யாரும் இல்லீங்க. இன்னொரு தரம் கூப்புடுங்கய்யா. சத்தமா."

கூப்பிட்டார். மேலும் பதினோரு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் தாத்தா, ஒருவர் பேரன். அவர்களும் இல்லை என்றாள். மூன்றாம் முறை கூப்பிட்டபோது, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷனைத் தொலைத்த பதைபதைப்பு அந்த முகத்தில் துளியும் இல்லை.

தண்டாயுதபாணிக்குத் தலை சுற்றியது.

"அவருக்கு வயசு என்னம்மா இருக்கும்?"

"இருவத்தெட்டுங்க."

அவளுக்கே நாற்பது இருக்கும் போலிருந்தது. அவர் வேணுவைப் பார்த்தார். வேணு உதட்டைப் பிதுக்கினான்.

"கடைசியா அவரை எங்க பார்த்த?"

"இங்கதாங்க, கோபுரத்தாண்ட. கூட்டம் நெரிக்குதுன்னு அவரு கையைக் கெட்டியா புடிச்சிட்டிருந்தேன். மேல தீபம் தெரிஞ்சதும் எல்லாரும் கையைத் தூக்கிக் கும்பிட்டாங்க. நானும் கையை விட்டுட்டுக் கும்பிட்டேன். திரும்பிப் பார்த்தா ஆளு இல்ல."

"தீபமா? மணி அஞ்சுதானே ஆவுது! ஆறு மணிக்குத்தானே ஏத்துவாங்க?"

"இந்த வருஷத்துத் தீபம் இல்லீங்க. அது ஆச்சு, பன்னண்டு வருஷம்." அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். "அந்தப் பேரை என்னாலதான் வாய்விட்டுக் கூப்புட முடியாதே... வருஷத்துக்கு ஒரு தபா, ஊருக்கே கேக்குற மாதிரி நீங்க கூப்புடறதைக் கேட்டுட்டுப் போறேனுங்க."