கடல் தாண்டி வந்த பூண்டு

செவலை என்ற பொதிக்குதிரை மலைப்பூண்டு மூட்டைகளோடு மண்டிக்கு இறங்கி வந்தது. வாசலில், கடல் தாண்டி வந்த பூண்டு மூட்டை ஒன்று சாய்ந்திருந்தது.

"எங்க சரிவுல ஏர்கூடப் போகாது. கையால கொத்தி விளைய வச்சதையும் உன்னையும் ஒரே தராசுல வைக்கலாமா?" என்றது செவலை.

"எல்லா நாட்டுக்கும் ஒரே சட்டம்னு பெரிய இடத்துல பேசி முடிச்சுட்டாங்க அண்ணே. என்னைக் கேட்டா கப்பல்ல ஏத்துனாங்க?" என்றது மூட்டை.

வியாபாரி மலைப்பூண்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை; மலிவுப் பூண்டே போதும் என்றுவிட்டார். செவலையை வளர்த்த பெரியாண்டி அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தான். பிறகு, பூண்டு விலைபோகாததால் குதிரையை அங்கேயே விற்றுவிட்டு, விதைக்கென்று மலைப்பூண்டில் ஒரு மூட்டையை மட்டும் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு மலையேறத் தொடங்கினான்.

"ஒத்தையா அதைச் சுமக்க முடியாதுய்யா" என்று செவலை கத்தியது. அவன் காதில் அது வெறும் கனைப்பாகத்தான் விழுந்தது.