ஞாயிறு விருந்தினர் பத்தி

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், எங்கள் சிற்றூரில் நான் நடத்தும் வாரப் பத்திரிகையில், யார் வீட்டுக்கு யார் சாப்பிடப் போனார்கள் என்பதுதான் முக்கியச் செய்தி. ஞாயிறுதோறும் அதே ஆட்கள் அதே வீடுகளுக்குத்தான் போவார்கள். அதனால் அந்தப் பத்தியை வியாழனன்றே அச்சிட்டுவிடுவேன். போன வாரம், அக்கா வீட்டுக்கு வழக்கமாகப் போகும் நெஸ்டரின் பெயரை அதிலிருந்து நீக்க மறந்துவிட்டேன். அவரை இலையுதிர்காலத்திலேயே அடக்கம் செய்திருந்தோம்.

திங்களன்று அவருடைய அக்கா பரஸ்கா அலுவலகத்துக்கு வந்தார்.

"மன்னிச்சிடுங்க, பெரிய தப்பு நடந்துபோச்சு," என்றேன்.

"தப்பா? அவன் வந்துட்டாண்டி! முட்டைக்கோஸ் இலையில சுருட்டின சோறு ஒரு சட்டி காலி. இன்னும் கிளம்பல. பூட்ஸோட சோபாவுல படுத்திருக்கான். உயிரோட இருந்தப்பவும் இதே தொல்லைதான். கிளம்பிட்டான்னு போட்டுத் தொலை!"

"எங்க போனார்னு போடுறது?"

"அவன் வீட்டுக்குத்தான். வேற எங்க?"

அப்படியே அச்சிட்டேன். வெள்ளிக்கிழமை காலை, பலகை அடித்து மூடியிருந்த நெஸ்டர் வீட்டின் புகைபோக்கியில் புகை வந்தது. வாசல் பனியில் ஒரு காலடித்தடம்கூட இல்லை. பரஸ்கா ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"அங்க ஒரு உருளைக்கிழங்குகூடக் கிடையாது!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். "இதையெல்லாம் யோசிச்சுப் போடமாட்டியா நீ?"