ஊதாக்கல்லுக்கு ஒரு தம்பி

போன ஈஸ்டர் ஆராதனை முடிந்து, "பாடகர் குழுவில் என் குரல் தனியாகக் கேட்டுச்சா?" என்று மூன்றாம் முறையாகக் கேட்டேன், கர்த்தர் மன்னிக்கட்டும். அப்போது, கல் ஆராய்ச்சி செய்யும் என் மகள் எஸ்தர் சிரித்துக்கொண்டே சொன்ன கதை இது.

ஆய்வுக்கூட மேஜையில் மலையிலிருந்து வந்த ஊதாக்கல் ஒன்று உட்கார்ந்திருந்தது. உலகத்துக்கே புது வகை என்று தேறினால் அதற்குத் தனிப் பெயரும் கண்ணாடிப் பெட்டியும் கிடைக்கும். இல்லாவிட்டால் பழைய கற்களோடு டிராயரில்தான் கிடக்கணும். பக்கத்தில், யாரோ கொய்யாவுக்குத் தொட்டுச் சிந்திய உப்புக்கல் ஒன்று.

"தள்ளி நில்லுடா. என்னைப் போல இன்னொருத்தன் கிடையாது" என்றது ஊதாக்கல்.

"சரிங்கய்யா" என்று உப்பு ஒதுங்கியது.

எக்ஸ்ரே மெஷின் ஊதாக்கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "சேர்மானம் புதுசுதான், பெயர் உண்டு. ஆனா உள்ளே அணுக்களை அடுக்கியிருக்கிற விதம் அப்படியே உப்பு!"

"அண்ணே!" என்று துள்ளியது உப்பு.

"மெல்லப் பேசு தம்பி. வெளியே சொல்லிடாதே."

"நான் எங்கண்ணே சொல்லப் போறேன்? உங்க பெயர்ச் சீட்டுலயே 'உப்புக் குடும்பம்'னு எழுதிட்டாங்க."

கதை இருக்கட்டும், இங்கே அடுப்பில் என் குழம்பு கொதிக்கிறது. அந்த உப்பு டப்பாவைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்களேன்.